திருத்தத்தை மறைக்காத ஒரு செய்திச் செயலி

பல ஊடகங்களின் செய்திகளை ஒரே இடத்தில் தொகுத்துத் தரும் ஒரு செயலியை ஆறு மாதங்களாக நாள்தோறும் பயன்படுத்திவருகிறேன். செய்தியின் நம்பகத்தன்மை எழுதுபவரை மட்டும் பொறுத்ததன்று. எந்த வரி எந்த இடத்தில் கண்ணில் படுகிறது என்பதையும் பொறுத்தது. இதை வடிவமைத்தவர்கள் அதைப் பெருமளவு உணர்ந்திருக்கிறார்கள்.

முதலில் நேரக்குறிப்பைச் சொல்ல வேண்டும். ஒரு காற்புள்ளியை மாற்றிவிட்டு, பழைய செய்தியை ‘2 நிமிடங்களுக்கு முன்’ என்று காட்டும் செயலிகள் உண்டு. இதில் முதலில் வெளியான நேரமும் கடைசியாகத் திருத்திய நேரமும் தலைப்பின் கீழ் தனித்தனியே இருக்கின்றன. திருத்திய நேரத்தைத் தொட்டால், நீக்கிய சொற்கள் சிவப்பிலும் சேர்த்த சொற்கள் பச்சையிலும் தெரிகின்றன. ஒரு விபத்துச் செய்தியில் ‘9 பேர் பலி’ என்றிருந்தது ‘6 பேர்’ என மாறியதையும், மருத்துவமனை உறுதிசெய்யும் முன்பே எண்ணிக்கையை வெளியிட்டுவிட்டோம் என்ற ஆசிரியர் குழுவின் விளக்கத்தையும் அங்கேயே படித்தேன். அந்த ஒரு வரியால் அந்த ஊடகத்தின் மீது எனக்கு மதிப்பு கூடியது.

ஆனால் காலையில் என் கைபேசிக்கு வந்த அறிவிப்பில் மாலைவரை ‘9 பேர்’ என்றே இருந்தது. அறிவிப்பைப் படித்ததோடு நிறுத்திக்கொள்பவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேரவே இல்லை. அறிவிப்பு வாசகத்தை, செய்தியைத் தானாகவே சுருக்கித் தரும் மென்பொருளிடம் விட்டிருப்பது இன்னும் கவலை தருகிறது. 2024 டிசம்பரில் ஐபோனின் இத்தகைய சுருக்கம், கொலை வழக்கில் கைதான ஒருவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டதாக, நடக்காத ஒன்றை பிபிசியின் பெயரில் காட்டியது. பிபிசி புகார் அளித்தபின், 2025 ஜனவரியில் செய்திச் செயலிகளுக்கான அந்த வசதியை ஆப்பிள் நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகும் இந்தச் செயலியில் சுருக்கத்தை ஆசிரியர் ஒருவர் பார்த்துத்தான் அனுப்புகிறார் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை.

‘கருத்து’ என்ற முத்திரையும் செயலிக்குள் மட்டுமே இருக்கிறது. கட்டுரையை நண்பருக்கு அனுப்பினால் தலைப்பும் படமும் போகின்றன, முத்திரை போவதில்லை. ஒருவரின் வாதம் அங்கே செய்தியாகவே படிக்கப்படும்.

தவறான அறிவிப்பைப் பெற்ற ஒவ்வொருவருக்கும் திருத்தத்தையும் அறிவிப்பாகவே அனுப்ப வேண்டும். எந்தக் கைபேசிகளுக்கு அனுப்பினோம் என்ற பதிவு செயலியை நடத்துபவர்களிடம் இருக்கும்போது, இது தொழில்நுட்பத்தால் இயலாத காரியமன்று. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். இப்போதைக்கு அறிவிப்புகளை அணைத்துவிட்டு, காலையும் மாலையும் நானே திறந்து படிக்கிறேன்.