மே மாத மலைநடை: சியாட்டிலுக்கு வரும் உறவினர்களுக்காகப் பாதை தேர்ந்தெடுத்த ஒன்பது ஆண்டு அனுபவம்

சியாட்டில் அருகே நாங்கள் குடியேறிய பின் கடந்துபோன ஒன்பது மே மாதங்களில் ஏழில் ஊரிலிருந்து யாராவது வந்து தங்கியிருக்கிறார்கள். கத்திரி வெயிலுக்குத் தப்பி வந்து இறங்கும் பெற்றோர், அத்தை, மாமா எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்பது, தொலைவில் தெரியும் அந்த வெள்ளை மலைக்கு எப்போது போகலாம் என்பதுதான். ரெய்னியர் மலையின் பாரடைஸ் பகுதி 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. படங்களில் காணும் பூவெளி, பனி கரைந்து வெளியே வர ஜூலைக் கடைசி ஆகிவிடும் என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

தொடக்க ஆண்டுகளில் நான் உயரத்தை மட்டுமே பார்த்துப் பாதை தேர்ந்தெடுத்தேன். அந்தக் கணக்குப்படி லேக் ட்வென்டிடூ ஏரி சுமார் 2,400 அடி உயரம்தான் என்பதால் மே நடுவில் துணிந்து எல்லோரையும் அழைத்துச் சென்றேன். ஏரி பில்சக் மலையின் வடக்கு முகத்தின் அடியில் இருப்பதையும், வெயில் படாத அந்தச் சரிவில் பனி நெடுநாள் தங்கும் என்பதையும் நான் யோசிக்கவில்லை. கடைசி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பாதையே பனிக்குள் மறைந்திருந்தது. மதிய வெயிலில் இளகிய பனியில் அம்மாவின் கால் முழங்கால்வரை புதைந்ததும் திரும்பிவிட்டோம். ஏரியைப் பார்க்கவில்லை. அது முதல், உயரத்தோடு சரிவு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதையும் பார்க்கிறேன். அந்த வாரம் நடந்தவர்கள் வாஷிங்டன் டிரெயில்ஸ் அசோசியேஷன் தளத்தில் எழுதும் குறிப்புகளையும் படித்துவிடுகிறேன்.

அதைவிட முக்கியமாக, இடையில் எங்கே திரும்பினாலும் போன நாள் வீணாகாத பாதையாக இருக்கவேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நம் பெரியவர்களுக்குத் தெம்பில்லை என்பதல்ல சிக்கல். இளமையில் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறி இறங்கிய மாமா, நான் வாங்கி வைத்திருந்த அலுமினிய ஊன்றுகோலை ஒதுக்கிவிட்டு, "மூங்கில் கழி கிடைக்குமா மாப்பிள்ளை?" என்றுதான் கேட்டார். ஆனால் பழனிப் படிகளில் பழகிய காலுக்கு, ஈர வேரும் உருளும் கல்லும் நிறைந்த இறக்கம் வேறு வகையான சோதனை. ஏறும்போது பேசிக்கொண்டே வருபவர்கள் இறங்கும்போதுதான் மௌனமாகிறார்கள்.

இந்த அளவுகோலில் எனக்கு முதலிடம் நார்த் பெண்ட் அருகிலுள்ள ட்வின் ஃபால்ஸ். தொடக்கத்தில் ஆற்றோரமாகவே பாதை செல்கிறது; முக்கால் மைல் நடந்து ஒரு மேட்டை ஏறினால் தொலைவில் அருவி தெரியும் இடத்தில் பெஞ்சு இருக்கிறது. புளியோதரையைப் பிரிக்க அதைவிடப் பொருத்தமான இடத்தை நான் காணவில்லை. முழங்கால் வலிப்பவர்கள் அங்கேயே அமர்ந்துகொள்ள, மற்றவர்கள் அருவிக்கு மேலுள்ள பாலம்வரை போய்வரலாம். மே மாதத்தில் மேல்மலைப் பனி உருகி வருவதால் தண்ணீருக்குக் குறைவே இராது. அந்த வகையில் கோடைக்கு முந்தைய இந்தப் பருவம் நமக்குச் சாதகமானது.

கோல்ட் பார் ஊரிலுள்ள வாலஸ் ஃபால்ஸ் அடுத்தது. மேலருவிவரை போய்வர 5.6 மைல், ஏற்றம் சுமார் 1,300 அடி. ஸ்காட்லாந்துக்காரரான நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்குப்படி (3 மைலுக்கு ஒரு மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம்) இதற்கு இரண்டரை மணி நேரம் போதும். எங்களுக்கு ஐந்து ஆனது. இப்போது எந்தப் பாதைக்கும் அந்தக் கணக்கை இரண்டால் பெருக்கிக்கொள்கிறேன். 265 அடி உயர நடு அருவியைப் பார்த்துவிட்டால் அதற்கு மேல் ஏறவேண்டிய கட்டாயம் இல்லை.

ஃபிராங்க்ளின் ஃபால்ஸ் இரண்டே மைல் என்றாலும், கடைசிச் சில அடிகள் வழுக்குப் பாறை. பெரியவர்களை அதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். ராட்டில்ஸ்னேக் லெட்ஜ் எல்லோரும் பரிந்துரைப்பது. தடுப்பு ஏதும் இல்லாத அந்தச் செங்குத்துப் பாறைமேல் படம் எடுக்க ஆசைப்படும் உறவினர்களைக் கட்டுப்படுத்தும் தைரியம் எனக்கு இல்லை. கீழே ஏரிக்கரையோடு திரும்பிவிடுகிறோம், அதற்கு அனுமதிச் சீட்டும் தேவையில்லை. ட்வின் ஃபால்ஸுக்கும் வாலஸுக்கும் மாநிலத்தின் டிஸ்கவர் பாஸ், ஃபிராங்க்ளினுக்கு நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் என்பதைக் குழப்பிக்கொள்ளவேண்டாம்.

பனியைத் தொட்டே தீரவேண்டும் என்பவர்களைப் பாரடைஸுக்கே அழைத்துச் செல்கிறேன். மே மாதத்தில் வண்டி நிறுத்துமிடத்தின் விளிம்பிலேயே பனிச்சுவர் நிற்கும், கழிப்பறையும் பார்வையாளர் மையமும் பக்கத்திலேயே இருக்கும். அங்கே நாங்கள் நூறு அடிகூட நடந்ததில்லை என்பதால் அதை மலைநடைக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. அத்தை மட்டும் ஊரில் எல்லோரிடமும் ரெய்னியர் ஏறி வந்ததாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்.