1/72 விமான கிட்டுகள்: மலிவு விலையில் எது தேறும், எது தேறாது

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மலிவான விமான மாடல் கிட் என்று தேடுபவரின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் 1/72 அளவில் ஓர் இரண்டாம் உலகப் போர்க்காலச் சண்டை விமானம்தான். ஏர்ஃபிக்ஸின் ஸ்பிட்ஃபயர், ஹாபி பாஸின் முஸ்டாங், ரெவெலின் மெஸ்ஸர்ஷ்மிட் என்று ஏதாவது ஒன்று. ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்குவது 1/72. நிஜத்தில் 11.23 மீட்டர் இறக்கை விரிவு கொண்ட ஸ்பிட்ஃபயர் இந்த அளவில் 156 மில்லிமீட்டர்; மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஈ ரகம் 137; ஹரிக்கேன் 169. மேசையில் இடம் அடைக்காது, வண்ணமும் அதிகம் செலவாகாது. ஆனால் அச்சில் இருக்கும் ஒவ்வொரு குறையும் 72 மடங்காகக் கண்ணில் படும்.

பெட்டியில் போட்டிருக்கும் விலை தரத்தைச் சொல்லாது. பெட்டி மேல் உள்ள ஓவியமும் சொல்லாது. சொல்வது ஒன்றே ஒன்று: உள்ளே இருக்கும் பாகங்களை வார்த்த உலோக அச்சு எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்பது. மாடல் துறையில் அச்சு ஒரு சொத்து. நிறுவனம் மூடினாலும் அச்சு விற்கப்பட்டு வேறு பெயரில் தொடர்ந்து ஓடும். மேட்ச்பாக்ஸின் அச்சுகள் ரெவெலுக்குப் போயின. ஃபிராக் நிறுவனத்தின் அச்சுகள் பல சோவியத் நாட்டுக்குப் போய் நோவோ என்ற பெயரில் வந்தன. பிரான்சின் ஹெல்லர் அச்சில் வார்த்ததைச் செக் நாட்டு ஸ்மெர் தன் பெட்டியில் விற்றது. ரெவெலின் சிறிய 1/72 வரிசையிலேயே 1960களில் வெட்டிய ஃபாக்கர் மூவிறக்கை விமானமும், 1990களில் வெட்டிய மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்டும் ஒரே அளவுப் பெட்டியில் வந்திருக்கின்றன. முதலாவது அந்தக் காலத்துப் பொம்மை. இரண்டாவது இன்றைக்கும் மதிக்கத்தக்க கிட். பெட்டியை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. எனவே வாங்கும் முன் ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அந்த அச்சு எந்த ஆண்டில் பிறந்தது, எத்தனை பெட்டிகளில் மாறி மாறி வந்தது என்று ஒரு காலக்கோடாகக் காட்டிவிடும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

பெட்டி கைக்கு வந்ததும் பாகங்களை ரன்னரிலிருந்து, அதாவது அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, வெட்டாமல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. பாகத்தின் ஓரத்தில் மெல்லிய சவ்வு போல நீட்டிக்கொண்டிருந்தால் அது ஃபிளாஷ். அச்சின் இரு பாதிகளும் தேய்ந்து இறுக மூடாததால் பிளாஸ்டிக் கசிந்திருக்கிறது. இறக்கையின் தடித்த பகுதியில் சிறு குழி விழுந்திருந்தால் அது சிங்க் மார்க். தடித்த இடம் மெதுவாக ஆறி உள்ளே சுருங்கியதன் விளைவு. மெல்லிய குழலோ துப்பாக்கிமுனையோ பாதியில் மொட்டையாக நின்றால், உருகிய பிளாஸ்டிக் அச்சின் கடைசி மூலை வரை போய்ச் சேரவில்லை. இந்த மூன்றில் ஃபிளாஷ் கத்தியால் சுரண்டினால் போய்விடும். சிங்க் மார்க்கை புட்டி பூசி, காய்ந்ததும் 400, 600, 1000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பர் போட்டுச் சமன் செய்யலாம். நிரம்பாத பாகத்துக்கு மட்டும் வீட்டில் வைத்தியம் இல்லை, மாற்றுத்தான் கேட்க வேண்டும். வெட்டி ஒட்டிய பிறகு கேட்டால் விற்றவர் தர மாட்டார். ரன்னரில் இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்து தகட்டுக் கோடுகள், அதாவது நிஜ விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் கோடுகள். பழைய அச்சுகளில் இவை மேலெழுந்த வரிகளாக இருக்கும். இணைப்பைத் தேய்க்கும்போது கூடவே அழிந்துவிடும், திரும்ப வராது. புதிய அச்சுகளில் பள்ளமாக இருக்கும். பள்ளம் என்றாலே நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். கோட்டின் அகலம் 0.3 மில்லிமீட்டர் என்றால் நிஜ விமானத்தில் அது கிட்டத்தட்ட 22 மில்லிமீட்டர் இடைவெளி. எந்த விமானத்தின் தகடும் அப்படி வாயைப் பிளந்து நிற்காது. இறக்கையின் பின்விளிம்பு 0.8 மில்லிமீட்டர் தடிமன் என்றால் நிஜத்தில் 58 மில்லிமீட்டர். காக்பிட் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் என்றால் 72 மில்லிமீட்டர் தடித்த கண்ணாடி. அச்சு வெட்டியவரின் அக்கறை இந்த மூன்று இடங்களில் தெரிந்துவிடும். கண்ணாடிப் பாகத்தை அச்செழுத்தின் மேல் வைத்துப் பாருங்கள்; எழுத்து வளைந்து கலங்கினால், உள்ளே எவ்வளவு நுணுக்கமாக வண்ணம் தீட்டினாலும் பயனில்லை.

இனி குறிப்பாக மூன்று வகை.

ஏர்ஃபிக்ஸை 2006இன் இறுதியில் ஹார்ன்பி வாங்கிய பிறகு, சிறிய வரிசைக்கே புது அச்சுகள் வரத் தொடங்கின. 2010ஐ ஒட்டி ஸ்பிட்ஃபயர் மார்க் 1, பிறகு ஜீரோ, மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஈ, ஹரிக்கேன் என்று அடுத்தடுத்து. இவற்றில் பலவற்றின் பெட்டி ஓரத்தில் இந்தியத் தயாரிப்பு என்று அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் வெளிர் சாம்பல், மென்மையானது. மென்மை என்பதால் கத்திக்கும் வாட்டர் பேப்பருக்கும் சட்டென்று இணங்கும்; அதே காரணத்தால் பாகத்தை ரன்னரிலிருந்து முறுக்கிப் பிய்த்தால் சதை பிய்ந்து பள்ளம் விழும். முதலில் பாகத்துக்கு 2 மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மீதியைக் கத்தியால் சீவி எடுங்கள்.

வடிவம் சரியாக இருக்கிறது. இந்த விலையில் இதுதான் பெரிய விஷயம். விமானத்தின் சின்னங்களை நீரில் நனைத்து ஒட்டும் டெக்கல் தாள் இத்தாலியின் கார்ட்டோகிராஃப் அச்சடித்தது; நிறம் அடர்த்தியானது, வட்டங்கள் மையம் விலகாமல் நிற்கின்றன. குறை, கோடுகள் ஆழமும் அகலமும் மிகுந்தவை என்பது. பிரைமரை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்தால் ஓரளவு அடங்கும். கோடுகளுக்குள் கறுப்பு வாஷ், அதாவது நீர்த்த வண்ணம், விடாதீர்கள். அடிவண்ணத்தைவிடச் சற்றே அடர்ந்த நிறம் போதும்.

ஒட்டும்போது தவறு நடக்கும் இடம் இறக்கையும் உடலும் சேரும் இணைப்பு. கீழ் இறக்கை முழுவதும் ஒரே துண்டு, மேல் இறக்கை இரண்டு துண்டு. மேல் துண்டு உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி விட்டால் உடனே புட்டியை எடுக்காதீர்கள். பசை ஈரமாக இருக்கும்போதே ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனிக்கு மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டினால், நுனிகள் மேலெழும்பி இடைவெளி தானாக மூடும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை மேல்நோக்கி 6 பாகை சாய்ந்தது. இந்த அளவில் உடலோடு சேரும் இடத்தைவிட நுனி சுமார் 7 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். இரு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு இரவு முழுவதும் அசைக்காமல் விடுங்கள். இந்த ஒரு கோணம் தப்பினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஸ்பிட்ஃபயர் போலத் தோன்றாது.

இதே கிட் ஏ55100 என்ற எண்ணில் தொடக்கக்காரர் தொகுப்பாகவும் வந்தது. கூடவே சிறு அக்ரிலிக் வண்ணங்கள், தூரிகை, பசை. பரிசாகக் கொடுக்க வசதி. ஆனால் கூட வரும் பொருட்களுக்குத் தனி மதிப்புப் போடாதீர்கள். உருமறைப்பின் இரு நிறம், அடிப்பாக நிறம், கறுப்பு ஆகியவற்றோடு நான்கு குப்பியும் முடிந்துவிடும். காக்பிட்டின் சாம்பல் பச்சைக்கும் புரொப்பெல்லர் நுனியின் மஞ்சளுக்கும் நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும். கெட்டியான பசை நூல் இழுக்கும், கண்ணாடியில் பட்டால் தடம் அழியாது. ஏற்கெனவே வண்ணமும் பசையும் வைத்திருப்பவர் வெறும் கிட்டை வாங்குவதே லாபம்.

ஹாபி பாஸின் எளிய வரிசை வேறு மாதிரி யோசித்துச் செய்தது. உடல் ஒரே ஓடாக வார்த்தது, இறக்கை ஒரே கட்டியாக வார்த்தது. உடலைக் கவிழ்த்து இறக்கையைப் பொருத்தினால் பாதி வேலை முடிந்தது. முதுகில் இணைப்புக் கோடே இல்லை என்பதால் தேய்க்கவும் வேண்டாம். பாகங்கள் பிளாஸ்டிக் தட்டில் பதித்து வருவதால் பயணத்தில் உடைவது குறைவு. கோடுகள் ஏர்ஃபிக்ஸைவிட மெல்லியவை, கூர்மையானவை. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரே பிற்பகலில் முழு விமானமும் கையில் கிடைக்க வேண்டுமென்றால் இதற்கு இணை இல்லை.

விட்டுக்கொடுப்பது காக்பிட்டை. தரை, இருக்கை, கட்டுப்பாட்டுக் கோல் என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம். வடிவத் துல்லியமும் விமானத்துக்கு விமானம் மாறுகிறது, வரிசை முழுவதற்கும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது. பொருத்தும் முளைகள் துளைக்கு மிக இறுக்கம். வலுவாக அழுத்தினால் உடல் ஓடு விரிசல் விடும். முளையைச் சுற்றிலும் மெல்லச் சீவி, பசை போடாமல் ஒரு முறை பொருத்திப் பார்த்த பிறகே ஒட்டுங்கள். டெக்கல் சற்று விறைப்பானது. வெதுவெதுப்பான நீரில் போட்டு, தாளிலிருந்து தானாக நழுவும் வரை பொறுத்திருங்கள்.

மூன்றாவது வகை, பழைய அச்சின் மறுபதிப்பு. கடைகளில் மிக மலிவாகக் கிடைப்பவை இவைதான். இங்கே கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஒரு புட்டி டியூப், நான்கு தாள் வாட்டர் பேப்பர், மஞ்சளாகிப்போன டெக்கலுக்குப் பதிலாக வேறு டெக்கல், இவற்றின் விலையைக் கூட்டினால் புது அச்சுக் கிட்டின் விலையைத் தாண்டிவிடும்; உழைப்பு வேறு. மேலெழுந்த வரிகளை அழித்துவிட்டுப் புதிதாகக் கோடு கீறுவது பழகிய கைக்கே பல நாள் வேலை. வேறு எவரும் வார்க்காத ஒரு விமானம் வேண்டுமென்றால் மட்டும் இதற்குக் கை நீட்டலாம். அப்போதும் டெக்கலை நேரே நீரில் போடாதீர்கள். வயதான படலம் நீர் பட்டதும் துண்டு துண்டாகச் சிதறும். முதலில் ஒரு மூலையில் உள்ள வேண்டாத எழுத்தை நனைத்துச் சோதியுங்கள். உடைந்தால் தாள் முழுவதும் கிளியர் வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, ஒவ்வொன்றையும் விளிம்பு ஒட்டி வெட்டிப் பயன்படுத்துங்கள்.

இந்திய வாசகர் ஏமாறும் ஓர் இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் மேல் இந்திய விமானப்படை விமானி நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டிய நாட் விமானத்தைச் செய்யும் ஆசையில் பலரும் ஏர்ஃபிக்ஸின் மலிவான நாட் கிட்டை வாங்குகிறார்கள். அது டி.1 ரகம், பிரிட்டிஷ் விமானப்படையின் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். இந்திய விமானப்படையின் சண்டை ரகம் ஒற்றை இருக்கை கொண்டது. உடல் குட்டை, இறக்கையும் வேறு. டெக்கலை மாற்றி ஒட்டினால் அது இந்திய நாட் ஆகிவிடாது. செகோனின் விமானம்தான் வேண்டுமென்றால் செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபியின் 1/72 எஃப்.1 கிட்டுக்குப் பணம் சேர்ப்பதே சரி. விலை கூடுதல்தான், ஆனால் விமானம் சரியானது.

எந்தக் கிட்டானாலும் பாகங்களை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். அச்சிலிருந்து பாகம் எளிதில் கழல அடிக்கும் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் வண்ணம் உரியும். பசைக்கு டாமியாவின் எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடி போட்ட 40 மில்லி குப்பி. இரு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து இணைப்பில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடும். விரல் இணைப்பின் மேல் இருந்தால் விரலடியிலும் ஓடி ரேகையைப் பதித்துவிடும், அதனால் பிடிக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை ஃபெவிக்விக் வகைப் பசையால் ஒட்டவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் படியும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும், காய்ந்ததும் தெரியாது, பிசகினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். டெக்கல் ஒட்டும் முன் மேற்பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். மேட் வண்ணத்தின் மேல் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். கார்ட்டோகிராஃப் டெக்கலும் இதற்கு விலக்கல்ல.

முதல் முறை வாங்குபவருக்கு ஏர்ஃபிக்ஸின் 2010க்குப் பிந்தைய ஸ்பிட்ஃபயர் அல்லது மெஸ்ஸர்ஷ்மிட்டைத் தயங்காமல் சொல்லலாம். பிள்ளைகளுக்கு ஹாபி பாஸ். டாமியாவின் 1/72 கிட்டுகள் மலிவுப் பட்டியலில் சேராது, ஆனால் புட்டி தேவைப்படாத அளவுக்குப் பொருந்துபவை அவற்றில் உண்டு. தள்ளுபடியில் விலை இறங்கி, ஏர்ஃபிக்ஸுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஒரு புட்டி டியூபும் இரண்டு குப்பி வண்ணமும் வாங்கும் தொகைக்குள் வந்துவிட்டால், டாமியாவையே எடுங்கள்.