சம்ப் நட் வாங்கப் போறவை கவனம்: வீல் நட்டைப் பூட்டிக் காட்டினா நம்பாதேங்கோ

கடைக்காரத் தம்பி ரொயோட்டா வீல் நட் ஒண்டை எடுத்து, நான் வாங்க நிண்ட சம்ப் நட்டில வைச்சு விரலாலேயே சுத்தினார். வெண்ணெய்க்குள்ள கத்தி போன மாதிரிப் போச்சு. "பாருங்கோ அண்ணை, ரொயோட்டா நட் எவ்வளவு வடிவாப் போகுது. உங்கட அக்சியோக் காருக்கு இதுதான்" எண்டார். நானும் தலையை ஆட்டிப்போட்டு 1,800 ரூபாயை எண்ணிக் குடுத்திட்டு வந்தன். அந்த 1,800 எனக்கு 27,000 ஆன கதைதான் இது.

உண்மையில அது நட் இல்லை, போல்ட். எஞ்சினுக்குக் கீழ ஒயில் நிக்கிற தட்டில, அதுதான் சம்பில, இருக்கிற போல்ட், கழட்டினா ஒயில் வடியும். ஆனா யாழ்ப்பாணத்தில சம்ப் நட் எண்டு கேட்டாத்தான் எடுத்துத் தருவினம், அதால நானும் அப்பிடியே எழுதுறன்.

2022இல எல்லாம் விலை ஏறினதோட நான் சேர்விஸுக்கு விடுறதை நிப்பாட்டி, வீட்டு முற்றத்திலேயே ஒயில் மாத்தத் தொடங்கினனான். பெரிய வித்தை ஒண்டுமில்லை. 1500 சிசி அக்சியோவுக்கு பில்டரோட சேர்த்து 3.7 லீற்றர் ஒயில் பிடிக்கும், 14 ஸ்பானர் ஒண்டு காணும். பழைய நட்டின்ர தலை கொஞ்சம் வட்டமாகித் தேஞ்சு போனதால புதுசு வாங்குவம் எண்டு டவுனுக்குப் போனன். பழைய நட்டை மாதிரிக்குக் கையில கொண்டும் போனன். அதுக்குப் பிறகும் ஏமாந்தன் எண்டதுதான் வெக்கம்.

காந்தம் வைச்ச நட், ஜப்பான் சாமான், இரும்புத் தூளெல்லாம் இழுத்துப் பிடிக்கும் எண்டு சொல்லி ஒரு பெட்டியைத் தந்தார். பெட்டியில ஜப்பான் எழுத்து இருந்தது உண்மை. ரெண்டு நட்டையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தன், தடிப்பு ஒரே அளவு, நீளம் ஒரே அளவு, தலையும் 14. நட்டில சுத்திச் சுத்திப் போற வெட்டை, அதுதான் புரியை, நான் பார்க்கேல்லை. பில் கேட்டதுக்கு "உதுக்கெல்லாம் பில் என்னத்துக்கு அண்ணை" எண்டு சிரிச்சார். நானும் சிரிச்சன்.

வீட்டை வந்து ஒயிலை வடிச்சுப்போட்டுப் புது நட்டைக் கையால பூட்டினா, ரெண்டு சுத்துப் போய் நிண்டிட்டுது. புதுப் புரி, இறுக்கமாத்தான் இருக்கும் எண்டு நினைச்சு ஸ்பானரைப் போட்டன். இதில என்ர பிழை இருக்கு, மறைக்கேல்லை. கையால கடைசி மட்டும் போகாத நட்டுக்கு ஸ்பானர் போடவே கூடாது. போட்டன், கறகற எண்டு ஏறிச்சுது, இறுகிட்டுது எண்டு நினைச்சு ஒயிலை ஊத்தினன்.

விடிய எழும்பிப் பார்த்தா, காருக்குக் கீழ தேன் நிறத்தில ஒரு குளம். கிணத்தடிக்கும் அந்த இடத்துக்கும் பத்தடி கூட இல்லை. எங்கட ஊர் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல இருக்கிற ஊர், மண்ணில ஊத்தினது தண்ணிக்குள்ள போகும். சுன்னாகத்துக் கிணறுகளில ஒயில் கிடந்த கதை தெரியாத ஆள் இங்க ஆர்? மனிசி ஒண்டும் சொல்லேல்லை, பழைய பேசினைக் கொண்டு வந்து கீழ வைச்சுப்போட்டு உள்ள போட்டா. ஏசியிருந்தாக் கூட ஆறியிருக்கும்.

கடைக்குத் திரும்பிப் போனன். "நீங்கள் இறுக்கிப் பழுதாக்கினதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" எண்டவர், பேந்து குரலைத் தணிச்சு, 2,500க்கு வேற ஒண்டு இருக்கு, தானே புரி வெட்டிக்கொண்டு போகும், ஒருக்காப் பூட்டினாப் பிரச்சினை முடிஞ்சுது எண்டார். நல்ல காலம், காசு கையில இருக்கேல்லை. அந்த மாதிரி நட் பழைய புரியை அரிஞ்சு எறிஞ்சுதான் தனக்கு வழி எடுக்கும். அரிஞ்ச தூள் போறது சம்புக்குள்ள. கொஞ்சம் சரிஞ்சு வெட்டினா வாசர் ஒரு பக்கம் மட்டும்தான் பொருந்தும், பிறகும் ஒழுகும். அடுத்த முறை வெட்டுறதுக்கு அங்க இரும்பும் மிஞ்சாது.

எங்கட ஒழுங்கையில கராச் வைச்சிருக்கிற ஐயா ஒருவர் இருக்கிறார். அவரிட்டைப் போய் ரெண்டு நட்டையும் நீட்டினன். கண்ணாடியைக் கூடப் போடேல்லை. ரெண்டையும் புரியோட புரி வைச்சு வெளிச்சத்துக்குப் பிடிச்சார். பல்லுக்குள்ள பல்லு இருக்கேல்லை, இடையால வெளிச்சம் தெரிஞ்சுது. "தம்பி, உன்ர சம்புக்கு ஒண்டேகால் புரி. இது ஒண்டரைப் புரி" எண்டார்.

அதாவது ரெண்டு நட்டும் 12 மில்லிமீற்றர்தான். ஆனா ரொயோட்டா சம்ப் நட்டில ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 1.25 மில்லிமீற்றர். எனக்கு வித்ததில 1.5. ஒரு சென்ரிமீற்றருக்குள்ள முதலாவதில 8 புரி, மற்றதில ஏழு கூட இல்லை. அதாலதான் ரெண்டு சுத்து ஏமாத்தி உள்ள போய்ப் பிறகு நிண்டது.

அப்ப வீல் நட் எப்பிடி வடிவாப் போச்சு எண்டு கேட்டன். ஐயா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுக்குள்ள இருக்கு. ரொயோட்டா வீல் நட் 12க்கு 1.5. சம்ப் நட் 12க்கு 1.25. ஒரே கார்தான், ஆனா புரி வேற. வீல் நட் வடிவாப் போற சம்ப் நட் ரொயோட்டாச் சம்புக்குப் போகவே போகாது! கடைக்காரர் காட்டின அத்தாட்சிதான் அது பிழையான சாமான் எண்டதுக்கும் அத்தாட்சி. பிறகு ஐயா மேசை லாச்சிக்குள்ள இருந்து சுசுகி வீல் நட் ஒண்டை எடுத்தார். சுசுகிக்கும் நிசானுக்கும் வீல் நட் 12க்கு 1.25. என்ர பழைய சம்ப் நட் அதுக்குள்ள வழுக்கிக்கொண்டு போச்சு. புதுசு ரெண்டாவது சுத்தில நிண்டிட்டுது, சம்பில நிண்ட அதே இடத்தில.

காந்தக் கதையையும் கேட்டன். காந்தம் கூடாத சாமான் இல்லையாம். சாம்பல் நிறக் களிம்பு மாதிரிப் படிஞ்சா வழமையான தேய்மானம், துண்டு துண்டா இரும்பு வந்தா எஞ்சினைப் பார்க்க வேணும். அலுமினியத்தை அது பிடிக்காது. மலிவுச் சாமானில காந்தத்தைப் பசை போட்டுத்தான் ஒட்டியிருப்பாங்கள். சாதாரண நியோடிமியக் காந்தம் 80 பாகை தாண்டினா வலுக் குறையத் தொடங்கும், எஞ்சின் ஒயிலோ 100 பாகை மட்டுக்கும் சூடேறும். லீவர் வைச்ச, கழட்டாமலே ஒயில் வடிக்கிற குழாய் நட்டும் இப்ப விக்கினம். எங்கட ஒழுங்கைக் கல்லுகளுக்கு மேல அந்த லீவரைத் தொங்கவிட்டு ஓட எனக்கு மனமில்லை.

என்ர சம்பின்ர கீழ்த்தட்டு இரும்புத் தகடு, புரி இருக்கிறது அதில ஒட்டின ஒரு துண்டில. புரி வெட்டுற ராப் போட்டுப் புரியை மீட்கப் பார்த்தார், முக்காவாசி போயிட்டுது. கடைசியில பாவிச்ச சம்ப் ஒண்டு தேடி எடுத்து, பழைய சிலிக்கோனைச் சுரண்டி, புதுசு பூசி மாத்தினது. சம்ப், கூலி, தூள் விழுந்த ஒயிலை எறிஞ்சுபோட்டுத் திரும்ப வாங்கின ஒயில், பில்டர் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 27,000. 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய காரின்ர பாவிச்ச சாமான் என்ன விலை வித்தது எண்டு உங்களுக்கே தெரியும்.

புதுச் சம்புக்கு ஐயா சாதாரண நட்தான் போட்டார், காந்தமும் இல்லை ஒண்டும் இல்லை. புது வாசர் போட்டு, கையால கடைசி மட்டும் சுத்தி, பிறகு 38 நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்கினார். இறுக்கத்தை அளக்கிற றெஞ்ச் இல்லாதவை, 20 சென்ரிமீற்றர் நீள ஸ்பானரின்ர நுனியில 19 கிலோ பாரம் மாதிரி எண்டு எடுங்கோ. காலால மிதிக்கிற வேலை இல்லை. ஹொண்டா, சுசுகி வைச்சிருக்கிறவைக்குப் பெரும்பாலும் 14க்கு 1.5 வரும், உங்கட கார்ப் புத்தகத்தில பாருங்கோ.

இப்பிடி ஏமாந்தவை பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடிக்கலாம். நான் அடிக்கேல்லை, கையில பில் இல்லை. கேட்டா பில் தர வேண்டியது கடைக்காரற்ற கடமை, சிரிச்சாலும் விடாமக் கேளுங்கோ.

கடைக்காரத் தம்பி தெரியாமல் செய்தவர் எண்டுதான் முதல் நினைச்சன். அதால சுசுகி நட்டைக் கொண்டுபோய், அவற்ற மேசையில வைச்சே பூட்டிக் காட்டினன். பார்த்தார். "இது வேற லொட் அண்ணை" எண்டு பெட்டியைத் தூக்கி உள்ள வைச்சார். அடுத்த கிழமை பல்ப் ஒண்டு வாங்க அந்தப் பக்கம் போனா, அதே பெட்டி வெளியில இருக்கு. ஆரோ ஒரு அண்ணைக்கு ரொயோட்டா வீல் நட்டைப் பூட்டிக் காட்டிக்கொண்டு நிக்கிறார். நான் அந்த அண்ணையின்ர கையைப் பிடிச்சு வெளியில கூட்டிக்கொண்டு வந்து கதையைச் சொன்னன். அவருக்குச் சுசுகி நட்டைக் குடுத்திட்டன், இப்ப என்னட்டை இல்லை. ஐயாவிட்டை இன்னொண்டு கேட்கவேணும்.