பட்டியலைச் சரிபார்க்க எது: ஜேசன் ஸ்கீமாவா, ஸாடா, பைடான்டிக்கா?

மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. அதற்கு முந்தைய பத்து நாள் விரதம் தொடங்கும்போதே, யார் யார் காவடி எடுக்கிறார்கள் என்ற பட்டியல் கோவில் குழுவின் கையில் இருக்க வேண்டும். ரோஸ் ஹில் பக்கத்துக் கோவில் ஒன்றுக்கு இந்தப் பட்டியலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பகலில் எபேனில் கம்பெனிக்கு நிரல் எழுதுகிறேன், ராத்திரியில் முருகனுக்கு.

பட்டியல் இரண்டு வழியாக வரும். இளைஞர்கள் இணையப் படிவத்தை நிரப்புவார்கள். பெரியவர்கள் நேரில் வந்து சொல்வதைக் கோவில் அலுவலக அக்கா எக்செலில் தட்டுவார். கடைசியில் இரண்டும் ஒரே அரேயில் (நிரலில் வரிசையாக அடுக்கிய பட்டியல்) சேரும். ஒவ்வொரு உறுப்பிலும் பெயர், தொலைபேசி, காவடி வகை, பால் செம்பு எண்ணிக்கை. வந்த விவரம் நாம் சொன்ன வடிவில் இருக்கிறதா என்று சரிபார்க்க மூன்று வருடத்தில் மூன்று கருவி மாற்றியிருக்கிறேன்.

தனி ஆளின் விவரத்தைச் சோதிப்பதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. செல்பேசி எண் 8 இலக்கமா என்று பார்க்க ஒரு பேட்டர்ன் போதும். (2013-இல்தான் இங்கே எண்ணுக்கு முன்னால் 5 சேர்ந்தது. சில தாத்தாக்கள் இன்னமும் 7 இலக்கம்தான் சொல்வார்கள்.) பட்டியல் காலியாக வந்தால், ஒரே ஆள் இரண்டு தடவை வந்தால், வரிசை பிசகினால் என்ன செய்கிறது என்பதில்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளிப்படுகிறது.

முதல் வருடம் ஜேசன் ஸ்கீமா, அதாவது ஜேசன் வடிவத் தரவு எப்படி இருக்க வேண்டும் என்று விதியாக எழுதும் ஒரு பொதுத் தரம். எந்த மொழியிலிருந்தும் படிக்கலாம், அதுதான் அதன் பலம். ஆனால் நான் ஒவ்வொரு உறுப்பும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ‘ஐட்டம்ஸ்’ விதியை மட்டும் எழுதிவிட்டு ‘டைப்: அரே’ என்பதை விட்டுவிட்டேன். ‘ஐட்டம்ஸ்’ என்பது அரே வந்தால் மட்டும் வாய் திறக்கும் விதி. அரேக்குப் பதில் வெறும் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வந்தாலும் மறுப்பே இல்லாமல் உள்ளே விட்டது. காலி அரேயும் அப்படித்தான், ‘மின்ஐட்டம்ஸ் 1’ என்று எழுதினால்தான் தடுக்கும்.

இரட்டைப் பதிவு இன்னும் மோசம். ‘யூனிக்ஐட்டம்ஸ்’ இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். அது முழு உறுப்பையும் முழு உறுப்போடு ஒப்பிடுகிறது. ஒரு பையனுக்கு அம்மா படிவத்தில் ‘மயில் காவடி’ என்று போட்டிருக்க, தாத்தா சொல்லி அக்கா ‘மயில்காவடி’ என்று தட்டியிருக்கிறார். நடுவில் ஓர் இடைவெளி, ஆகவே இரண்டு வேறு ஆள். தொலைபேசியை மட்டும் ஒப்பிடு என்று சொல்லத் தரத்தில் வழி இல்லை. ஜேசன் ஸ்கீமாவை ஜாவாஸ்கிரிப்டில் ஓட்டும் ஏஜேவியின் துணைத் தொகுப்பில் அப்படி ஒரு விதி உண்டு, ஆனால் அதே ஸ்கீமாவைப் பைதானில் படித்தால் அந்த விதி அங்கே செல்லாது. ஜாய் என்ற இன்னொரு ஜாவாஸ்கிரிப்ட் சரிபார்ப்புக் கருவியில் இது ஒரே வரி வேலை. அதற்காகவே ஜாயைக் கொஞ்ச நாள் ஆசையாகப் பார்த்ததுண்டு.

இரண்டாவது வருடம் ஸாட், டைப்ஸ்கிரிப்ட் மொழிக்கான சரிபார்ப்புத் தொகுப்பு. டைப்ஸ்கிரிப்ட்காரர்களுக்கு இது சர்க்கரைப் பொங்கல். ஸ்கீமா எழுதினால் டைப்பும் கூடவே கிடைக்கும், தவறுகளை முதலாவதோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும். (ஏஜேவியும் ஜாயும் அமைப்பை மாற்றாவிட்டால் முதல் தவறிலேயே நின்றுவிடும்.) இரட்டைப் பதிவைப் பிடிக்க, சொந்த விதி சேர்க்க உதவும் ‘சூப்பர்ரிஃபைன்’ வைத்து ஏழெட்டு வரி நாமே எழுத வேண்டும், பரவாயில்லை. என்னைக் கவிழ்த்தது, வந்ததை வேண்டிய வகைக்கு மாற்றிக்கொள்ளும் ‘கோயர்ஸ்’. செம்பு எண்ணிக்கையை எண்ணாக மாற்றச் சொல்லியிருந்தேன். காலியாக விட்ட கட்டத்தை அது 0 என்று எடுத்துக்கொண்டது, ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் காலி ஸ்ட்ரிங் பூஜ்ஜியம்தான். பால் குடம் எடுக்க வந்த ஒரு குடும்பத்துக்குச் செம்பே ஒதுக்கவில்லை. அன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது, எக்செல் பக்கத்துக்குப் பைடான்டிக், பைதான் மொழிக்கான சரிபார்ப்புத் தொகுப்பு. காலி ஸ்ட்ரிங்கை எண்ணாக்கச் சொன்னால் இது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லும். சரி, நல்ல பிள்ளை என்று நினைத்தால், 2-ஆம் பதிப்பின் கண்டிப்பு வேறு இடத்தில் இடித்தது. எக்செல் தொலைபேசியை எண்ணாகக் கொடுக்கிறது, நான் எழுதிய வரையறையில் அது ஸ்ட்ரிங். 1-ஆம் பதிப்பு சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும். 2-ஆம் பதிப்பில் எல்லா வரியும் சிவப்பு. எண்ணை ஸ்ட்ரிங்காக்க ஓர் அமைப்பு இருக்கிறது, போட்ட பிறகுதான் அடங்கியது. பழைய பதிப்பில் இருந்த, இரட்டை உறுப்பைத் தடுக்கும் ‘யூனிக்’ வசதியையும் 2-இல் எடுத்துவிட்டார்கள்.

தவறு இருக்கும் இடத்தை மூன்றுமே வரிசை எண்ணோடு சொல்லும், ஆனால் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். ‘37’ என்று வந்ததை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். தலைப்பு வரியையும் சேர்த்தால் எக்செலில் அது 39-ஆவது வரி. அவர் 37-ஆவது வரியில் இருந்த வீட்டுக்குப் போன் போட்டு, நம்பரைச் சரியாகச் சொல்லுங்கள் என்று விரட்டியிருக்கிறார்.

வரிசையின் அருமையை இந்த ஊர்த் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டாம். 1998-இல் வந்த ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தி இடம்பிடித்ததும் எதிர்ப்பு கிளம்பி, நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். முதல் இடம் பெயர், இரண்டாவது தொலைபேசி என்று இடத்தைவைத்துப் பொருள் கொள்ளும் அரேக்கு ஸாடும் பைடான்டிக்கும் கொடுக்கும் ‘டூப்பிள்’ கச்சிதம், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மறுக்கும். ஜேசன் ஸ்கீமாவில் 2020-12 பதிப்பு முதல் இதற்கு ‘ப்ரீஃபிக்ஸ்ஐட்டம்ஸ்’. அது நீளத்தைக் கவனிக்காது, நீளத்துக்குத் தனி விதிகள் எழுத வேண்டும்.

இப்போது படிவத்துக்கு ஸாட், எக்செலுக்குப் பைடான்டிக். இரண்டிலிருந்தும் ஜேசன் ஸ்கீமாவை எடுத்து ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கிறேன். நாமே எழுதிய இரட்டைப் பதிவு விதி அந்த ஸ்கீமாவில் வராது, அதனால் இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். ஒரே தொலைபேசி இரண்டு தடவை வந்தால் நிராகரி, அவ்வளவுதான் விதி.

ஓட்டிப் பார்த்த முதல் நாளே அக்கா கூப்பிட்டார். “ஏன் தம்பி, அந்தத் தாத்தா பெயரை எடுத்துட்டே? அவருக்கு ஏது செல்போன், பேரன் நம்பரைத்தானே கொடுத்திருக்கார்.” இப்போது ஒரே ஆளா என்று பார்க்கப் பெயரும் தொலைபேசியும் சேர்ந்துதான் சாவி.