பதினாலு பாகச் சக்கரமா, முடியாத சிம்மாசனமா?

ஐப்பசி மழைக்கு வீட்டிலேயே கிடக்கப் போகிறேன், படிக்கப் பெரிய மாயாஜால நாவல் தொடராக ஒன்று சொல்லு என்று சித்தி மகள் கும்பகோணத்திலிருந்து கேட்டாள். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்குப் பிடித்த சண்டை இன்னும் ஓயவில்லை. நான் ராபர்ட் ஜோர்டானின் 'வீல் ஆஃப் டைம்' கட்சி. மன்னார்குடி மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் கட்சி. டிவியில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று வந்ததே, அதன் மூலக்கதை, 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்'.

மச்சானுக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்த்தால் மார்ட்டின்தான் நல்ல எழுத்தாளர். பெரும்பாலான அத்தியாயங்களுக்குத் தலைப்பே ஒரு பாத்திரத்தின் பெயர்தான், அந்த ஆளின் கண் வழியாகத்தான் கதை. ஜேமி லானிஸ்டரை இரண்டு பாகம் முழுக்கத் திட்டிக்கொண்டே படித்துவிட்டு, மூன்றாம் பாகத்தில் அவன் பக்கத்துக் கதையைக் கேட்கும்போது நமக்கே கொஞ்சம் வெட்கமாகிவிடுகிறது. 1996, 1998, 2000 என்று வந்த அந்த முதல் மூன்று பாகங்களுக்கு ஈடாக ஜோர்டானிடம் எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஜோர்டானிடம் என்ன இருக்கிறது? கோபம் வந்தால் பின்னலைப் பிடித்து இழுக்கும் நைனீவ் இருக்கிறாள், திரும்பத் திரும்ப இழுக்கிறாள். அப்புறம் யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று பத்தி பத்தியாக வருணனை ("தீபாவளிக்கு ஜவுளிக்கடைக்குள்ள போன மாதிரி இருக்குண்ணா" என்றாள் சித்தி மகள், இரண்டு அத்தியாயம் புரட்டிவிட்டு). ஆனால் அந்த உலகம் நமக்கு ஒட்டும். காலம் ஒரு சக்கரம், ஏழு யுகம் சுற்றிச் சுற்றி வரும், ஆத்மா மறுபடி பிறக்கும், நாயகன் ராண்டின் தலைக்குள்ளேயே முற்பிறவிக்காரன் பேசுவான். நாலு யுகக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டாம்.

பெரிய குற்றச்சாட்டு இழுவை. அதுவும் நியாயம்தான். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று பிரிந்து, அதற்குப் பிறகும் குடமுருட்டி, அரசலாறு என்று கிளைத்துக்கொண்டே போய், பூம்புகாரில் கடலைத் தொடும்போது காவிரி ஒரு வாய்க்கால் அகலத்துக்கு வந்துவிடுகிறது இல்லையா, ஜோர்டானின் கதையும் ஏழாம் பாகத்திலிருந்து பத்தாம் பாகம் வரை அப்படித்தான். எட்டாம் பாகக் கடைசியில் ராண்டின் நண்பன் பெரினின் மனைவியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், மீட்பது பதினோராம் பாகத்தில். புத்தகம் வந்த கணக்கில் 1998-இலிருந்து 2005 வரை! 2003-இல் வந்த பத்தாம் பாகத்தில் பெரும்பகுதி, முந்தைய பாக முடிவில் ராண்ட் ஒரு பெரிய வேலையைச் செய்தபோது மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கே போய்விடுகிறது.

"உன் ஆளு வாய்க்கால் வெட்டியே காலத்தை ஓட்டிட்டாரு மாப்பிள்ளே" என்றார் மச்சான்.

சரி, ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததே. உங்கள் ஆள் இன்னும் மேட்டூரையே திறக்கவில்லையே? 2005-இல் நாலாம் பாகத்தின் பின்குறிப்பில் அடுத்த வருடமே ஐந்தாவது வந்துவிடும் என்கிற நம்பிக்கையில் எழுதினார், வந்தது 2011-இல். டிவி தொடர் 2019-இலேயே முடிந்துவிட்டது, ஆறாம் பாகத்தைக் காணோம்.

மச்சானின் கடைசி அஸ்திரம், ஜோர்டானும் முடிக்கவில்லையே என்பது. உண்மைதான். அவர் 2007-இல் இறந்துபோனார். அவர் மனைவியும் எடிட்டருமான ஹாரியட், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளைய எழுத்தாளரைப் பிடித்துக் குறிப்புகளைக் கொடுத்தார். ஒரே பாகமாக நினைத்தது மூன்றாகி 2013-இல் முடிந்தது. ராண்டின் இன்னொரு நண்பன் மேட் பேசுவது மட்டும் பன்னிரண்டாம் பாகத்தில் வேறு யாரோ பேசுவது மாதிரி இருக்கும். ஆனால் வேறு கை முடித்தால் கணக்கில்லை என்பதை மாயவரத்துக்காரனான என்னிடம் சொல்லக் கூடாது. பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி 1954-இல் இறந்தபோது 'அமர தாரா' பாதியில் நின்றது, குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி முடித்தார். அதை யாரும் கல்கி கதை இல்லை என்று ஒதுக்கிவிடவில்லையே.

நடுவில் ஸ்டீவன் எரிக்சனின் 'மலாசன்' தொடரைப் பற்றியும் பேச்சு வந்தது. 1999-இலிருந்து 2011-க்குள் பத்து பாகம், தன் கையாலேயே முடித்தவர். ஆனால் எதையுமே விளக்க மாட்டார். நான் முதல் பாகத்தில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவையும் இறங்கிவிட்டேன், அதனால் தீர்ப்பு சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

சித்தி மகளுக்கு நான் சொன்னது: சக்கரத்தில் ஏறு, பத்தாம் பாகத்துக்குச் சுருக்கம் படித்துவிட்டுத் தாண்டு. மார்ட்டின்தான் வேண்டுமென்றால் மூன்றோடு நிறுத்திக்கொள். அவள் மார்ட்டினைத்தான் எடுத்தாள், மூன்றோடு நிறுத்தவும் இல்லை. போன வாரம் ஐந்தாவதை முடித்துவிட்டு ராத்திரி பதினொன்றரைக்கு மச்சானைக் கூப்பிட்டு, "அத்தான், அடுத்தது எப்ப வரும்?" என்று கேட்டிருக்கிறாள். அதை என்னிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாராம்.