ராயக்கோட்டை சாலை டிரைவிங் ஸ்கூல்: மறு டெஸ்டுக்கும் கூட நின்றார்கள்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் உள்ள டிரைவிங் ஸ்கூலில்தான் என் மனைவி கார் பழகினார். முதல் டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி நின்றுபோனது, தேறவில்லை. மாஸ்டர் முகம் சுளிக்கவில்லை. "7 நாள் கழிச்சுத்தான் மறுபடி போக முடியும்மா, அதுவரை ரிவர்ஸ் மட்டும் பழகலாம்" என்றார். விடியற்காலையில் காலி மைதானத்தில், கண்ணாடியைப் பார்த்தபடி அரை கிளட்சில் மெதுவாகப் பின்னால் நகர்த்துவதையே திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். ஆக்சிலரேட்டரைத் தொடவே விடவில்லை. அந்தப் பொறுமைக்கே கொடுத்த பணம் தகும். அடுத்த டெஸ்டில் தேறிவிட்டார்.

மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும், எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) 6 மாதம்தான் செல்லும் என்பதையெல்லாம் சேரும்போதே சொல்லிவிடுகிறார்கள். வண்டி பழசு, ஏசி கிடையாது. வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள்.