மோட்டார் ஓகே, டிப்பைப் பாருங்கள்: லேர்டால் சக்‌ஷன் யூனிட் எப்படி?

ஆம்புலன்ஸில் வைக்கும் பேட்டரி சக்‌ஷன் கருவி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது லேர்டால் நிறுவனத்தின் எல்எஸ்யூ; வாயிலும் தொண்டையிலும் தேங்கும் வாந்தி, ரத்தம், சளியை உறிஞ்சி எடுக்கும் பெட்டி. சுமார் 4 கிலோ எடை, உறிஞ்சியது சேர ஒரு லிட்டர் ஜார், முகப்பில் ஒரே ஒரு பெரிய குமிழ். ஆன் செய்வதும் அதில்தான், அழுத்தம் வைப்பதும் அதில்தான்: 80, 120, 200, 350, 500க்கு மேல் என ஐந்து படிகள், எல்லாம் மி.மீ. பாதரசக் கணக்கில். தனி சுவிட்ச், முள் ஆடும் மீட்டர், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குட்டித் திருகு என்று வரும் கருவிகளை ஓடும் வண்டியில், வழுக்கும் கையுறையோடு இயக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த ஒற்றைக் குமிழின் அருமை தெரியும். முள்ளுக்குப் பதில் விளக்கு வரிசை இருப்பதால் இருட்டிலும் அழுத்தம் கண்ணில் படும்.

ஐந்து படியும் எதற்கு? வாயிலும் தொண்டையிலும் வாந்தியோ ரத்தமோ நிற்கும்போது யோசிக்க வேண்டாம், கடைசிப் படி. மூச்சுக்குழாயில் டியூப் போட்ட பெரியவருக்குச் சளி எடுக்க 120 போதும். பச்சிளம் குழந்தைக்கு 80. டியூப் வழியாக விடும் கதீட்டரின் (சளி உறிஞ்சும் மெல்லிய குழாயின்) வெளிவிட்டம், டியூபின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கதீட்டர் தடிமனைப் பிரெஞ்சு என்ற அளவில் சொல்வார்கள்; 8 மி.மீ. டியூபுக்கு 12 பிரெஞ்சு சரி. 3 பிரெஞ்சு 1 மி.மீ. என்பதால் அது 4 மி.மீ. வரும். அதைவிடத் தடித்ததை விட்டால் சளியோடு நுரையீரலின் காற்றையும் சேர்த்து இழுத்துவிடும். உள்ளே செலுத்தும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே எடுக்கும்போதுதான். 10 முதல் 15 விநாடிக்குள் முடித்து, உடனே ஆக்சிஜன்.

இழுவையில் குறையில்லை. குழாயைத் திறந்துவிட்டால் கடைசிப் படியில் நிமிடத்துக்கு 25 லிட்டருக்கு மேல் காற்று இழுக்கும். ஆம்புலன்ஸ் சக்‌ஷனுக்கு அமெரிக்கத் தரக் குறிப்பு ஒன்றில் பழைய அளவுகோல் உண்டு: குழாயை அடைத்த 4 விநாடிக்குள் அழுத்தம் 300 மி.மீ. பாதரசத்துக்கு ஏற வேண்டும். எந்தக் கம்பெனிக் கருவியானாலும் ஷிஃப்ட் தொடங்கும்போது குழாய் நுனியைக் கட்டைவிரலால் மூடி, ஒன்று, இரண்டு என எண்ணிப் பார்க்கலாம். எல்எஸ்யூவில் இதற்கென்றே டெஸ்ட் பொத்தான் இருக்கிறது. அடைப்பு, வெற்றிடம் ஏறும் வேகம், உச்ச அழுத்தம், கசிவு நான்கையும் அடுத்தடுத்துப் பார்த்துச் சொல்லிவிடும். நல்ல வசதி. ஆனால் நோயாளியின் வாயில் நாம் என்ன டிப்பை, அதாவது குழாயின் நுனியில் மாட்டும் முனையை, வைக்கப் போகிறோம் என்பது அந்த டெஸ்டுக்குத் தெரியாது.

கோளாறே அங்கேதான். வண்டிகளில் வழக்கமாகக் கிடப்பது யாங்கர் டிப். நியூயார்க்கின் காது மூக்கு தொண்டை மருத்துவர் சிட்னி யாங்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தது. அறுவை மேஜையில், வெறும் வயிற்றோடு படுத்திருப்பவரின் தொண்டையில் ரத்தத்தை எடுக்க அது போதும். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு விபத்தில் சிக்கியவரின் வாந்திக்கு அது போதாது. ஒரு பருக்கை நுனியில் உட்கார்ந்தால் முடிந்தது கதை. திரவம் ஒழுங்காக ஓடும்போது விட்டம் இரட்டிப்பானால் ஓட்டம் 16 மடங்காகும். பாதியானால் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே பின்னால் எவ்வளவு பெரிய மோட்டார் இருந்தாலும் நுனி எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான். யாங்கரில் சில வகைகளுக்குப் பிடியில் ஓர் ஓட்டை உண்டு. அதை விரலால் மூடினால்தான் இழுக்கும். பதற்றத்தில் அதை மறந்துவிட்டு மெஷினைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அகலமான வாய் கொண்ட டுகான்டோ வகை டிப்பை வாங்கி, முதல் டிப்பாக அதைக் கருவியிலேயே மாட்டி வையுங்கள். டியூப் போடத் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்புக்கு முன்னால் சக்‌ஷன் போக வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் டிப்பை வெளியே எடுக்காமல் வாயின் இடப்பக்கம் ஒதுக்கிவிட்டு, அது உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே டியூப் போடலாம். டிப் அடைத்துக்கொண்டால் கழற்றிவிட்டு வெறும் குழாயையே வாயில் வைக்கலாம். பார்க்க நன்றாக இருக்காது, வேலை நடக்கும்.

விளக்கு வரிசையைப் படிக்கத் தெரிந்தால் கோளாறைத் தேடி அலைய வேண்டாம். நுனி திறந்திருக்கும்போது அழுத்தம் கீழே இருக்க வேண்டும். திறந்திருந்தும் உச்சத்தில் நின்றால் எங்கோ அடைப்பு: டிப், மடங்கிய குழாய், மூடிக்கொண்ட மிதவை (ஜாருக்குள் காற்று வழியை அடைப்பது), நனைந்த ஃபில்டர் என இதே வரிசையில் பாருங்கள். நுனியை மூடியும் ஏறாமல் மோட்டார் மட்டும் இரைந்தால் கசிவு. பத்துக்கு ஒன்பது ஜார் மூடிதான். கழுவி மாட்டும்போது ரப்பர் வளையம் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது; விளிம்பில் விரலை ஓட்டினால் தட்டுப்படும்.

ஜார் நிறைந்தால் மிதவை எழும்பி வழியை அடைக்கும், பம்ப் தப்பிக்கும். ஜார் சாய்ந்தாலும் மிதவை இதே வேலையைச் செய்யும். கருவியைப் படுக்கையில் நோயாளியின் கால்மாட்டில் படுக்க வைத்துக்கொண்டு போகிறவர்கள் கவனிக்கவும். நுரையீரலில் நீர் கோத்தவரின் நுரை வேறு ரகம். எடை இல்லாததால் மிதவையை எழுப்பாமலே மேலேறி ஃபில்டரை நனைத்துவிடும். ஃபில்டர் நனைந்தால் காற்று போகாது. அதைக் காயவைத்துத் திரும்பப் போடும் வேலை வேண்டாம். மாற்று ஃபில்டர் இரண்டு பையிலேயே இருக்கட்டும். கழுவிய ஜாரையும் குழாயையும் ஈரம் போக உலர்த்திவிட்டு மாட்டுங்கள்.

முழு சார்ஜில் கடைசிப் படியில் சுமார் 45 நிமிடம் ஓடும் என்பது புது பேட்டரிக்கான கணக்கு. வண்டிச் சுவரில் சார்ஜ் ஆகிறது என்று நம்புவதற்குமுன், இன்ஜினை அணைத்த பிறகும் அந்த லைனில் மின்சாரம் இருக்கிறதா எனப் பாருங்கள். பல வண்டிகளில் இருக்காது. ஷெட்டில் இரவெல்லாம் சும்மா தொங்கும். கருவியைச் சுவரில் பிடித்து நிறுத்தும் தாங்கியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 1789, உள்ளே இருக்கும் பொருள்கள் 10 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 10 மடங்கு, அதிர்ச்சியைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கணத்தில் இந்த 4 கிலோ, 40 கிலோவின் விசையோடு பறக்கப் பார்க்கும். வெல்க்ரோ பட்டை எந்த மூலைக்கு?

இத்தனைக்கும் பிறகு, கையால் அழுத்தி உறிஞ்சும் பம்ப் ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். பேட்டரி வேண்டாம், வாய் அகலம், ஆன் செய்யும் நேரம்கூட இல்லை. டப்பா சிறியது, சீக்கிரம் நிறைந்துவிடும். ஒரு கை முழுக்க அதற்கே போகும். இரண்டே பேர் இருக்கும் வண்டியில் அது பெரிய குறைதான். ஆனாலும் படிக்கட்டில் மூன்று மாடி ஏறி நோயாளியை எடுக்கப் போகும்போது, 4 கிலோ பெட்டியைக் கீழேயே விட்டுவிட்டுப் போகும் ஆசை யாருக்கும் வரும். அப்போது தோள்பையில் இது ஒன்றாவது இருக்கும்.